இயேசு எப்படி கடவுள், அவர் ரத்தம் எதுக்கு: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் என் பதில்களும்

சபை வாலிபர் கூட்டத்துல, ஆபீஸ் கேன்டீன்ல, குடும்ப வாட்ஸாப் குரூப்ல, கேக்குற ஆள் மாறினாலும் கேள்வி மாறுறதே இல்ல. இயேசு எப்படி கடவுளும் மனுஷனுமா இருக்க முடியும், அவர் செத்தா என் பாவம் எப்படி போகும், இந்த ரெண்டையும் சுத்தித்தான் எல்லாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியேதான் வச்சிருக்கேன், சிலது கொஞ்சம் சூடா இருக்கும். நான் சபையில வளர்ந்தவன், இப்பவும் ஞாயித்துக்கிழமை போறவன், ஆனா இது எந்த சபையோட அதிகாரபூர்வ பதிலும் கிடையாது. வசனமெல்லாம் நம்ம வீடுகள்ல இருக்குற பழைய தமிழ் பைபிள்லருந்து எடுத்தது.

ப்ரோ முதல்ல இந்த ரெண்டு உபதேசமும் என்னதான் சொல்லுது, சுருக்கமா சொல்லுங்க

முதலாவது, கடவுள் மனுஷனா ஆனார்ங்குறது. "அந்த வார்த்தை மாம்சமாகி" அப்படின்னு யோவான் 1:14 சொல்லுதே, அதுதான் அடிப்படை. இதை 451-ல கல்கெதோன் சங்கத்துல (சங்கம்னா பிஷப்மார் கூடுற பெரிய கூட்டம், அந்த ஊர் இப்ப இஸ்தான்புல்லோட ஒரு பகுதி) ஒரு வரையறையா எழுதிட்டாங்க: இயேசு ஒரே ஆள், ஆனா அவருக்கு ரெண்டு தன்மை, முழு தேவன், முழு மனுஷன், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்கவும் இல்ல பிரியவும் இல்ல.

ரெண்டாவது பாவ நிவாரணம். மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவுல பாவத்தால வந்த பிரிவு இயேசுவோட சிலுவை மரணத்தால சரியாச்சுங்குறது. சரியாச்சுன்னு சொல்றதுல எல்லா சபையும் ஒண்ணு. எப்படி சரியாச்சுன்னு கேட்டாத்தான் ஆளுக்கு ஒரு பதில் வரும், அதுலதான் பாதி கேள்வி பிறக்குது.

கேள்வி கேக்குறதே அவிசுவாசம் இல்லையா? கேக்காம நம்புறதுதானே விசுவாசம்

மரியாள் தேவதூதன்கிட்டயே "இது எப்படியாகும்"னு கேட்டாங்க, அவங்கள யாரும் திட்டல. அது போக, இந்த உபதேசங்களே கேள்வியிலதான் உருவாச்சு. பிஷப்மார் ஒருத்தரை ஒருத்தர் முந்நூறு நானூறு வருஷம் கேள்வி கேட்டு சண்டை போட்டு எழுதினதைத்தான் நாம விசுவாசப் பிரமாணம்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சிட்டு உக்காருறோம்.

இயேசு எங்கயாவது "நான் கடவுள், என்னை வணங்குங்க"ன்னு சொன்னாரா பாய்? ஒரே ஒரு வசனம் காட்டுங்க

அந்த வார்த்தைகளோட அப்படியே ஒரு வசனம் கிடையாது. இதை ஒத்துக்க நம்ம ஆட்களுக்கு ஏன் கஷ்டமா இருக்குன்னு தெரியல. எதிர்பக்கமா தெரியிற வசனங்களும் இருக்கு: "நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே" (மாற்கு 10:18), அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கே தெரியாதுங்குற மாற்கு 13:32, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28).

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. ஆபிரகாமுக்கு முன்னாடியே இருக்கேன்னு சொன்னது யோவான் 8:58-ல இருக்கு, தோமா அவரைப் பாத்து "என் ஆண்டவரே, என் தேவனே" அப்படின்னப்போ அவர் தடுக்கல (யோவான் 20:28), மாற்கு 2-ல திமிர்வாதக்காரன்கிட்ட பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு சொன்னதும் தேவன் ஒருவரைத் தவிர யார் மன்னிக்க முடியும்னு வேதபாரகர் கொதிச்சுப் போறாங்க. இதுல பெரும்பாலானது யோவான்லருந்து வருதுன்னு கவனிங்க. மாற்கு ஏறக்குறைய கி.பி. 70, யோவான் 90-கள்ங்குறது பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கணக்கு. அதனால இயேசு தன் வாயால என்ன சொன்னார், அவரோட ஆட்கள் அவரைப் பத்தி என்ன புரிஞ்சுக்கிட்டாங்கங்குற ரெண்டையும் நாலு சுவிசேஷத்தையும் ஒண்ணா கலக்கி படிச்சா பிரிக்கவே முடியாது.

அப்போ 325-ல கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவை கடவுளாக்கினார்ங்குறது உண்மைதானே?

இல்ல. இது யூடியூப் சரித்திரம். இயேசுவை வணங்குறது அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. பவுல் பிலிப்பியருக்கு எழுதுன கடிதத்துல (2:6-11) "தேவனுடைய ரூபமாயிருந்த" ஒருத்தர் தன்னை வெறுமையாக்கி மனுஷனா வந்தார்னு ஒரு பாட்டு மாதிரி பகுதி வருது, அது இயேசு செத்து முப்பது வருஷம் போல ஆகுறதுக்குள்ள எழுதினது. கி.பி. 112 வாக்குல பிளினிங்குற ரோம கவர்னர் பேரரசர் டிராஜனுக்கு எழுதுன கடிதத்துல, இந்தக் கிறிஸ்தவங்க விடியறதுக்கு முன்னாடி கூடி கிறிஸ்துவை ஒரு தெய்வமா பாவிச்சு பாட்டு பாடுறாங்கன்னு சொல்றார், அவர் கிறிஸ்தவரும் இல்ல, வேண்டியவரும் இல்ல.

நிசேயாவுல (அந்த 325 சங்கம் கூடின ஊர்) சண்டை வேற விஷயத்துக்கு. அலெக்சாண்டிரியா குருவான ஆரியுஸ், குமாரன் உயர்ந்தவர்தான், உலகத்துக்கு முன்னாடியே இருந்தவர்தான், ஆனா அவரும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நேரம் இருந்துச்சுன்னு சொன்னார். சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோட அதே தன்மை உள்ளவர்னு எழுதுச்சு. அதோட முடிஞ்சிடல, அதுக்கப்புறம்தான் கூத்தே. நிசேயா பக்கம் நின்ன அத்தனாசியுஸ் அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டார், கான்ஸ்டன்டைன் 337-ல சாகுற நேரத்துல ஞானஸ்நானம் வாங்குனதே ஆரியுஸுக்கு ஆதரவா இருந்த ஒரு பிஷப் கையால. 381-ல கான்ஸ்டான்டினோபிள் சங்கம் வரைக்கும் எந்தப் பக்கம் ஜெயிக்கும்னே தெரியாம இழுத்துச்சு. ராஜா சொன்னதும் எல்லாரும் தலையாட்டிட்டாங்கங்குறது நடந்த கதைக்கு நேர் எதிர்.

ஒரே ஆள் எல்லாம் தெரிஞ்சவராவும் ஒண்ணு தெரியாதவராவும் எப்படி இருக்க முடியும்? லாஜிக்கே இடிக்குதே

இடிக்கத்தான் செய்யுது. கடவுள்னா எல்லாம் தெரியும், பசிக்காது, சாகாது. மனுஷன்னா தெரியாது, பசிக்கும், சாவான். மேல சொன்ன மாற்கு 13:32-ல குமாரனுக்கு நாள் தெரியாது, லூக்கா 2:52-ல சின்னப் பையனா ஞானத்துல வளர்றார். எல்லாம் தெரிஞ்சவர் ஞானத்துல எப்படி வளருவார்?

பதில் மூணு விதமா வருது. பழைய பதில், தேவனா அவருக்குத் தெரியும், மனுஷனா தெரியாதுங்குறது. இது நிலைமையை விவரிக்குதே தவிர விளக்கல, ஏன்னா "தெரியும், தெரியாது"ன்னு சொல்றதுக்கு அங்க ஆள் ஒருத்தர்தானே இருக்கார். ரெண்டாவது பதில் 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியில தோமாசியுஸ் மாதிரி ஆட்கள் சொன்னது: மேல சொன்ன பிலிப்பியர் பகுதியில "தம்மைத்தாமே வெறுமையாக்கி"ன்னு வருதே, அந்த மாதிரி மனுஷனா வந்தப்போ எல்லாம் அறியிற, எல்லாம் செய்யிற வல்லமைய கொஞ்ச காலத்துக்கு விட்டுட்டார்னு. நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த வல்லமைய விட்டுட்டா அப்பவும் அவர் "முழு தேவன்"தானான்னு கேப்பாங்க. மூணாவது, ஒரே ஆளுக்குள்ள ரெண்டு மனசு, தேவ மனசுக்கு மனுஷ மனசு முழுக்கத் தெரியும், மனுஷ மனசுக்கு தேவ மனசுல கொஞ்சம்தான் தெரியும்ங்குறது, இது 20-ம் நூற்றாண்டுல தத்துவ வாத்தியார்கள் வளத்தெடுத்தது. என்னைக் கேட்டா மூணுல இதுதான் முரண்பாடு இல்லாம நிக்கிது, ஆனா ரெண்டு மனசு இருந்தா ஒரே ஆள்னு எதை வச்சு சொல்றீங்கன்னு கேட்டா அங்கயும் வாயை மூடிக்கணும்.

வனாந்தரத்துல சாத்தான் சோதிச்சப்போ அவர் விழுந்திருக்க முடியுமா, முடியாதா?

செம கேள்வி இது. எபிரெயர் 4:15, அவர் எல்லாவிதத்துலயும் நம்மைப் போல சோதிக்கப்பட்டார்னு சொல்லுது. யாக்கோபு 1:13, தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்லன்னு சொல்லுது. விழ முடியும்னா கடவுள் பாவம் செய்ய வாய்ப்பு இருந்துச்சுன்னு ஆகும், விழவே முடியாதுன்னா அந்த நாப்பது நாள் சோதனை ஒரு நாடகம். பெரும்பாலான சபைகளோட பாரம்பரிய பதில் "முடியாது, ஆனா போராட்டம் நிஜம்"ங்குறதுதான். எனக்கு கெத்செமனே ஜெபத்தை (பிடிபடுறதுக்கு முன்னாடி ராத்திரி அவர் பண்ணுன ஜெபம்) படிக்கும்போதெல்லாம் "முடிஞ்சிருக்கும்"னுதான் தோணுது. அந்த ஜெபத்துல என் சித்தம் உம்முடைய சித்தம்னு ரெண்டு வருது பாருங்க, அதை வச்சே 680-681-ல ஒரு சங்கம் கூடி அவருக்கு ரெண்டு சித்தம் இருந்துச்சுன்னு தீர்மானம் போட்டாங்க.

கடவுள் பொறந்து வர்றதுன்னா நம்ம ராமாவதாரம் கிருஷ்ணாவதாரம் மாதிரிதானே, இதுல என்ன பெரிய புதுசு?

இதை நம்ம ஊர் கிறிஸ்தவங்களே சீரியஸா எடுத்து எழுதியிருக்காங்க. சென்னையில தொழிற்சங்கத் தலைவராவும் இருந்த சக்கரை செட்டியார் 1920-கள்ல இயேசுவை அவதாரம்னே சொல்லி ஒரு புஸ்தகம் எழுதினார். அவர் காட்டுற வித்தியாசம் என்னன்னா, மத்த அவதாரங்கள் வேலை முடிஞ்சதும் முடிஞ்சிடும், இயேசுவோட அவதாரம் முடியல, மனுஷனாவே இன்னும் தொடருதுங்குறது. கோயம்புத்தூர் பிஷப்பா இருந்த ஏ.ஜே. அப்பாசாமி, ராமானுஜரோட சிந்தனையிலருந்து எடுத்து, "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்"ங்குறதை அன்புலயும் சித்தத்துலயும் ஒண்ணா இருக்குறதுன்னு விளக்கினார், நிசேயாக்காரங்க இதைக் கேட்டா புருவத்தை உயர்த்தியிருப்பாங்க.

சைவக்காரங்க கேக்குறது நேர் எதிரான கேள்வி. சிலப்பதிகாரத்துலயே சிவனை "பிறவா யாக்கைப் பெரியோன்"னு சொல்லியிருக்கு. கர்ப்பத்துல பொறந்தவன் எப்படி இறைவனாவான்னு யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலர் காலத்துச் சைவர்கள் மிஷனரிமாரை மடக்கினாங்க. அதனால "இந்துக்களுக்கு அவதாரம்னா ஈஸியா புரியும்"னு சொல்றவங்க வைணவத்தை மட்டும் மனசுல வச்சு பேசுறாங்க.

451-ல எழுதினதை எல்லா சபையும் ஒத்துக்கிச்சா?

இல்லவே இல்ல. எகிப்து காப்டிக், ஆர்மீனியா, எத்தியோப்பியா, சிரியன் சபைகள் இன்னைக்கு வரைக்கும் கல்கெதோனை ஏத்துக்கல. நம்ம பக்கத்துல கேரளாவுல இருக்குற மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா சபைகளும் அந்த வரிசைதான். அவங்க இயேசுவை கடவுள் இல்லன்னு சொல்லல, "ரெண்டு தன்மை"ங்குற கணக்கைத்தான் மறுக்குறாங்க.

சரி அதெல்லாம் விடுங்க. நான் பண்ண தப்புக்கு இன்னொருத்தரை தண்டிச்சா அது என்ன நியாயம்?

எனக்கு வர்ற கேள்விகள்லயே அதிகமா வர்றது இதுதான், எனக்கே ரொம்ப நாளா இருக்குற கேள்வியும் இதுதான். கன்வென்ஷன் (சபைகள் நடத்துற பெரிய பிரசங்கக் கூட்டம்) மேடையில ஒரு கதை சொல்லுவாங்க, கேட்டிருப்பீங்க: ஜட்ஜ் முன்னாடி அவரோட சொந்த மகன் குற்றவாளியா நிக்கிறான், ஜட்ஜ் அபராதம் விதிச்சிட்டு, அங்கியை கழட்டி வச்சிட்டு கீழ எறங்கி வந்து தானே பணத்தைக் கட்டுறார்னு. அபராதம்னா சரி, பணத்தை யார் வேணா கட்டலாம். அதே மகன் கொலை பண்ணியிருந்து தூக்கு தண்டனைன்னா ஜட்ஜ் தானே தூக்குல தொங்குறேன்னு சொல்ல முடியுமா? எந்த நாட்டு கோர்ட்டும் ஒத்துக்காது, ஒத்துக்கிட்டா அதை நீதின்னும் சொல்ல மாட்டோம். சிலுவை உபதேசத்துல பேசப்படுறது மரண தண்டனை, கதையில காட்டுறது அபராதம். கைதட்டு வாங்குறது இந்த இடமாத்துலதான்.

பைபிளே இதை மறுக்குது. "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" அப்படின்னு எசேக்கியேல் 18:20. உபாகமம் 24:16-லயும் அதே சட்டம். யாத்திராகமம் 32-ல ஜனங்க பொன் கன்னுக்குட்டியை வணங்குன விஷயத்துல மோசே, ஜனங்களை மன்னியும், இல்லாட்டி என் பேரை உம்ம புஸ்தகத்துலருந்து எடுத்துடும்னு தன்னையே குடுக்குறார். தேவன் அதை ஏத்துக்கல, எனக்கு விரோதமா பாவம் செஞ்சவன் பேரைத்தான் எடுப்பேன்னு சொல்லிட்டார். பதிலாள் தண்டனைக்கு இதைவிட நேரடியான ஆஃபர் பழைய ஏற்பாட்டுல இல்ல, அதுக்கு வந்த பதில் "நோ".

எதிர்தரப்பு ஏசாயா 53-ஐ காட்டுவாங்க, நியாயமான பாயிண்ட். தேவனோட தாசன்னு ஒருத்தரைப் பத்தி, நம்மோட மீறுதல்களுக்காக அவர் காயப்பட்டார்னு அங்க தெளிவா இருக்கு. யூதர்கள் அந்த தாசனை பெரும்பாலும் இஸ்ரவேல் ஜனம்னு படிக்கிறாங்க, கிறிஸ்தவங்க இயேசுன்னு படிக்கிறாங்க. எப்படிப் படிச்சாலும் அடுத்தவங்க தப்பால ஒரு நிரபராதி அடிபட்டதை அது சொல்லுது, தேவநீதிக்கு கணக்கு நேராக அந்தத் தண்டனை தேவைப்பட்டுச்சான்னு அந்த அதிகாரத்தை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாதுங்குறது என் வாசிப்பு.

இந்த "எனக்கு பதிலா தண்டனை" விளக்கம் அப்போஸ்தலர் காலத்துலருந்தே இருக்குறதுதானே?

சிலுவை "நமக்காக"ங்குறது முதல்லருந்தே இருக்கு. தண்டனைங்குற கோர்ட் கணக்கு இப்ப நாம கேக்குற வடிவத்துல ரொம்ப பின்னாடி வந்தது. ஆரம்ப நூற்றாண்டுகள்ல பிரபலமா இருந்தது மீட்புப் பணம்ங்குற விளக்கம், மாற்கு 10:45-லருந்து. மனுஷன் சாத்தான் கையில அடிமை, இயேசுவை குடுத்து மீட்டாங்கன்னு. நிசா ஊர் கிரகோரி இன்னும் ஒரு படி மேல போய், இயேசுவோட மாம்சம் இரை, அதுக்குள்ள மறைஞ்சிருந்த தேவத்தன்மை தூண்டில் முள், சாத்தான் கவ்வி மாட்டிக்கிட்டான்னு எழுதினார்.

1098-ல கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஆன்செல்ம், சாத்தானுக்கு கடவுள் எதுக்குய்யா பணம் கட்டணும்னு கேட்டு அதைத் தூக்கிப் போட்டார். அவர் சொன்னது, பாவம்னா கடவுளோட மரியாதைக்கு வந்த குறை, அதை ஈடுகட்ட வேண்டியவன் மனுஷன், ஈடுகட்டக்கூடியவர் கடவுள் மட்டும், அதனால கடவுள்-மனுஷன் ஒருத்தர் தேவைன்னு. ஜமீன் மாதிரி பிரபுக்கள் ஆண்ட காலத்து ஐரோப்பா அது, மரியாதைக் குறைவுதான் அங்க பெரிய குத்தம். கவனிங்க, இங்கதான் ரெண்டு உபதேசமும் ஒண்ணை ஒண்ணு தாங்கி நிக்க ஆரம்பிக்குது: கடவுள் மனுஷனானது ஏன்னு கேட்டா ஈடுகட்டன்னு பதில், ஒருத்தர் சாவு எல்லாருக்கும் எப்படி போதும்னு கேட்டா அவர் கடவுள்ன்னு பதில். கொஞ்ச வருஷத்துல அபேலார்டுங்குற பிரெஞ்சு இறையியலாளர் வந்து, கடவுளை சமாதானப்படுத்த வேண்டியதே இல்ல, சிலுவை அன்பைக் காட்டி நம்ம மனசை மாத்துதுன்னு சொன்னார். 16-ம் நூற்றாண்டுல, இளமையில சட்டம் படிச்சவரான ப்ராட்டஸ்டன்ட் தலைவர் கால்வின் கையில ஆன்செல்மோட "மரியாதை" போய் "சட்டம், தண்டனை" வந்துச்சு. நம்ம கன்வென்ஷன்ல கேக்குறது பெரும்பாலும் இந்தக் கடைசி வெர்ஷன்.

முக்கியமான ஒண்ணு: நிசேயா பிரமாணத்துல (சபையில நாம சொல்ற விசுவாசப் பிரமாணம்) "நமக்காகவும் நம்ம ரட்சிப்புக்காகவும்"னு மட்டும்தான் வருது. எப்படிங்குறதுக்கு எந்த விளக்கத்தையும் அதுல கட்டாயமாக்கல.

கடவுளுக்கு சும்மா மன்னிக்கத் தெரியாதா? "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது"ன்னு இருக்கே

எபிரெயர் 9:22 அது. அந்த வசனத்தோட முதல் பாதிய யாரும் சொல்றதில்ல: "நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்". கொஞ்சங்குறையன்னா எல்லாம் இல்ல. ஏன்னா லேவியராகமம் 5:11-13 எடுத்துப் பாருங்க, ஆடு வாங்க வசதி இல்லாதவன் ரெண்டு புறா கொண்டுவரலாம், அதுக்கும் வழி இல்லாதவன் ஒரு எப்பா அளவுல பத்துல ஒரு பங்கு மாவு கொண்டுவந்தா போதும், அதுவே பாவநிவாரண பலி, அவனுக்கும் மன்னிக்கப்படும். மாவுல ஏது ரத்தம்? இந்த வசனத்தை வச்சு எந்த கன்வென்ஷன்லயும் பிரசங்கம் கேட்டதில்ல நான்.

யோனா புஸ்தகத்துல நினிவே ஜனங்க இரட்டு உடுத்தி மனந்திரும்பினாங்க, பலி ஒண்ணும் போடல, மன்னிப்பு கிடைச்சுது. சங்கீதம் 51, ஓசியா 6:6 எல்லாம் அதே பக்கம்: "பலியை அல்ல இரக்கத்தையும்" விரும்புறேன்னு. கி.பி. 70-ல எருசலேம் ஆலயம் இடிஞ்சு பலி நின்னு போனப்போ, இனி பாவத்துக்கு நிவாரணமே இல்லையேன்னு அழுதவங்களுக்கு ரபி யோகனான் பென் சக்காய் இந்த ஓசியா வசனத்தைத்தான் சொல்லி தேத்தினார்னு யூத மரபு சொல்லுது.

எல்லாத்துக்கும் மேல இயேசுவே. திமிர்வாதக்காரனை மன்னிச்சப்போ சிலுவையே வரல. கெட்ட குமாரன் கதையில (லூக்கா 15) சொத்தை அழிச்சிட்டு திரும்பி வர்ற சின்ன மகனை அந்த அப்பா ஓடிப்போய் கட்டிப்பிடிக்கிறார், பெரிய மகனை அடிச்சு கணக்கை நேர் பண்ணிட்டு வா உள்ளன்னு சொல்லல. அங்க அடிச்சது கொழுத்த கன்னுக்குட்டி, அதுவும் விருந்துக்கு.

கடனை இயேசு கட்டிட்டார்னா அப்புறம் "மன்னிப்பு"ன்னு ஏன் சொல்றோம்? கட்டினதை யாராவது மன்னிப்பாங்களா?

இதைக் கேட்டது நம்ம வாலிபர் கூட்டத்துல ஒரு பி.காம் படிக்கிற பொண்ணு. நானூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலிக்காரர் ஃபவுஸ்டோ சொசீனி இதே கேள்வியத்தான் போட்டார்னு சொன்னதும் முகத்துல அவ்வளவு சந்தோஷம். அவரோட வாதம் ரொம்ப சிம்பிள்: மன்னிக்கிறதுன்னா வசூல் பண்ணாம விடுறது. முழுசா வசூல் பண்ணியாச்சுன்னா அது மன்னிப்பு இல்ல, செட்டில்மென்ட். ரெண்டுல ஒண்ணைத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு சிக்கலும் இதுலருந்து வருது. எல்லாருடைய தண்டனையையும் இயேசு அனுபவிச்சாச்சுன்னா நம்பாதவன் ஏன் நரகத்துக்குப் போகணும், ஒரே குத்தத்துக்கு ரெண்டு தண்டனையா? கால்வின் வழி ஆட்கள் இதுக்கு தைரியமா ஒரு பதில் சொன்னாங்க, 1618-19 டோர்ட் சங்கத்துல: சிலுவையோட பலன் கடவுள் முன்னாடியே தெரிஞ்செடுத்தவங்களை மீட்கத்தான் குறிக்கப்பட்டதுன்னு. கணக்கு டேலி ஆயிடுச்சு, ஆனா "தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார்"ங்குற யோவான் 3:16-ல உலகம்ங்குறது சுருங்கிப் போச்சு.

மூணு நாள்ல எந்திரிச்சிடுவோம்னு தெரிஞ்சே செத்தா அது எப்படிங்க தியாகம்? வீக்கெண்ட் லீவு மாதிரில்ல இருக்கு

கிண்டலா கேட்டாலும் உள்ள விஷயம் இருக்கு. முதல்ல அவருக்கு எவ்வளவு தெரிஞ்சிருந்துச்சுங்குறதே மேல லாஜிக் கேள்வியில பாத்த பிரச்சனைதான். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" அப்படின்னு கத்துனவரை (மாற்கு 15:34) ரிட்டர்ன் டிக்கெட் கையில வச்சிருந்தவர் மாதிரி எனக்குப் படிக்க முடியல. அது சங்கீதம் 22-ஓட ஆரம்பம், நம்பிக்கையில முடியிற சங்கீதம்னு சொல்லி சமாளிப்பாங்க, இருக்கட்டும், ஆணியில தொங்குற மனுஷன் எந்த வரியை எடுத்தார்ங்குறது முக்கியம் இல்லையா. சிலுவை வலி எவ்வளவு நேரம்னு கணக்கு பாக்குற கிண்டலை நான் ரசிக்கல.

ஆனா தண்டனைக் கணக்கு சொல்றவங்க இதுக்கு பதில் சொல்லியே ஆகணும். பாவத்துக்கு தண்டனை நித்திய நரகம்னா சில மணி நேரம் எப்படி ஈடாகும்? அவர் கடவுளா இருக்குறதால அந்தப் பாடுக்கு அளவில்லாத மதிப்புங்குறது ஆன்செல்ம் வழி பதில். சொசீனி திருப்பி அடிச்சார்: தேவத்தன்மை பாடுபடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க, அப்போ பாடுபட்டது மனுஷத்தன்மை மட்டும், அளவில்லாத மதிப்பு எங்கருந்து வந்துச்சு? மதிப்பு அளவில்லாததுன்னா ஒரு சொட்டு ரத்தமே போதுமே, மரணம் எதுக்கு? இதுக்கு நேரா ஒரு பதில் நான் இன்னும் படிக்கல.

பெத்த பிள்ளைய பலி குடுத்து கோபம் தணியிற அப்பாவை எப்படி அன்புன்னு சொல்றீங்க?

நல்ல இறையியலாளர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. "தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கி"ன்னு 2 கொரிந்தியர் 5:19 சொல்லுது. கோபமா ஒரு அப்பா, பாவப்பட்ட ஒரு மகன்னு ரெண்டு பேர் இல்ல, சுமையைத் தூக்குனது கடவுளேங்குறது அவங்க பதில். இயேசு கடவுள் இல்லன்னு சொல்லிட்டு பதிலாள் தண்டனைய மட்டும் வச்சுக்கிட்டா அது நிஜமாவே கொடுமையாத்தான் ஆகும், ஆன்செல்ம் கட்டுன முடிச்சு இங்கயும் இறுகுது பாருங்க. சிக்கல் என்னன்னா மேடையில அந்த ரெண்டு பேர் கதையத்தான் சொல்லுவாங்க, கண்ணீர் வர்றது அதுலதான்.

இந்தக் கேள்விக்கு வயசு ஆயிரத்து அறுநூறுக்கு மேல. 381 சங்கத்துக்கு கொஞ்ச நாள் தலைமை தாங்குன நசியான்சு ஊர் கிரகோரி (மேல சொன்ன தூண்டில் கிரகோரி வேற, ரெண்டு பேரும் நண்பர்கள்) ஒரு ஈஸ்டர் பிரசங்கத்துலயே கேட்டார்: சாத்தானுக்கு விலை குடுத்தாங்கன்னா அது அசிங்கம், பிதாவுக்குக் குடுத்தாங்கன்னா, ஈசாக்கையே பலியா வாங்காம ஆட்டுக்கடாவை மாத்தி வச்சவர் தன் ஒரே குமாரன் ரத்தத்துல எப்படி சந்தோஷப்படுவார்னு. திரித்துவத்துக்காக (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்குறது) உயிரைக் குடுத்து வாதாடினவர் அவர், அவர் கேக்கலாம்னா நாமளும் கேக்கலாம்.

ஆதாம் ஏவாளே சரித்திரத்துல இல்லன்னா ஜென்மபாவமும் இல்ல, அப்போ ரட்சகரும் தேவையில்லதானே?

ஆதாமோட குற்றம் பிறக்குற குழந்தைக்கே வருதுங்குறது அகஸ்டின் வழி மேற்கத்திய உபதேசம், 418 கார்த்தேஜ் சங்கத்துல உறுதியாச்சு. கிழக்கத்திய சபைகள் நாம சாவையும் பலவீனத்தையும் வாங்கியிருக்கோம், குற்றத்தை வாங்கலன்னு சொல்றாங்க. ஆதாம் கதையை சரித்திரமா எடுக்காட்டியும் மனுஷன் கெட்டுப்போறான்ங்குறதுக்கு பேப்பரைப் பிரிச்சா போதும், அதனால ரட்சிப்புங்குற பேச்சு விழுந்துடாது. பரம்பரைக் குற்றத்துக்கு பரிகாரம்ங்குற கட்டிடம் மட்டும் விழும். விழட்டும்.

எங்க தாத்தா பாட்டி இயேசு பேரையே கேட்டதில்ல. அவங்களுக்கு இந்த ரத்தத்துல பங்கு இல்லையா?

இதை வாதமா கேக்குறவங்க கம்மி, வலியாத்தான் கேக்குறாங்க. கத்தோலிக்க சபை 1964-ல ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துலயே, தன் தப்பு இல்லாம சுவிசேஷம் அறியாதவங்க மனசாட்சிப்படி வாழ்ந்தா ரட்சிப்பு அடையலாம்னு எழுதிடுச்சு. பெந்தெகொஸ்தே சபைகள்ல பெரும்பாலும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. குலசாமிக்கு பொங்கல் வச்சு பத்துப் பிள்ளையை வளத்த பாட்டி நரகத்துலன்னு ஒரு கணக்கு முடியுதுன்னா, பாட்டியை விட்டுட்டு கணக்கைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை. நம்ம நாட்டுல யாரு இப்படி கேட்டா?

நிறைய பேர். 1820-ல கல்கத்தாவுல ராம்மோகன் ராய், அற்புதங்களையும் உபதேசச் சண்டைகளையும் விட்டுட்டு இயேசுவோட போதனைகளை மட்டும் தொகுத்து போட்டார். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன், பாவ நிவாரணம் இல்லாத கிறிஸ்தவமான்னு கொதிச்சு எழுத, ராய் ஒண்ணுக்கு மூணா மறுப்பு எழுதினார். நிரபராதியை தண்டிக்கிறது நியாயமாங்குற கேள்வியும் அந்தச் சண்டையில உண்டு. ராயோட பழகினதுல வில்லியம் ஆடம்ங்குற பாப்டிஸ்ட் மிஷனரியே 1821-ல திரித்துவத்தை விட்டு யூனிட்டேரியன் (கடவுள் ஒருவர்தான், திரித்துவம் இல்லங்குற பிரிவு) ஆயிட்டார், ரெண்டாவது ஆதாமும் விழுந்துட்டான்னு மத்தவங்க கேலி பண்ணினாங்க.

அதுக்கும் முன்னாடி நம்ம சென்னையில, வில்லியம் ராபர்ட்ஸ்னு பேர் வச்சுக்கிட்ட ஒரு தமிழர் 1795-ல யூனிட்டேரியன் சபை ஆரம்பிச்சார், 1813-ல புரசைவாக்கத்துல கோயிலும் கட்டினார். தமிழ்லயே ஜெபம், கடவுள் ஒருவர், இயேசு அவர் அனுப்புன மனுஷன்னு. அப்புறம் 1938-ல தாம்பரத்துல உலக மிஷனரி மாநாடு நடந்தப்போ, புதுக்கோட்டை சமஸ்தானத்துல தலைமை நீதிபதியா இருந்த செஞ்சையாவும் நண்பர்களும் ஒரு புஸ்தகமே போட்டாங்க. இயேசுவோட முக்கியத்துவம் அவர் ஒரு புது மனுஷ சிருஷ்டியோட ஆரம்பம்ங்குறதுலதான், சட்டக் கணக்குல இல்லன்னார் செஞ்சையா. ஜட்ஜே அப்படிச் சொன்னார்ங்குறது எனக்கு தனி சந்தோஷம்.

இந்த ரெண்டையும் மறுத்துட்டா அப்புறம் கிறிஸ்தவன்னு எப்படி சொல்லிக்கலாம்?

யாரைக் கேக்குறீங்கங்குறதைப் பொறுத்தது. பெரும்பாலான சபைகள் நிசேயாவை ஏத்துக்காதவங்களை கிறிஸ்தவங்கன்னு எண்ணாது. திரித்துவத்தை மறுத்த மிகேல் செர்வெட்டை 1553-ல ஜெனீவாவுல இதுக்காகவே உயிரோட எரிச்சாங்க, எரிச்சது ப்ராட்டஸ்டன்ட் ஊர். ஆனா டிரான்சில்வேனியாவுல ஃபெரென்ட்ஸ் தாவித் தலைமையில ஆரம்பிச்ச யூனிட்டேரியன் சபை, அவர் 1579-ல ஜெயில்ல செத்த பிறகும், இன்னைக்கு வரைக்கும் ருமேனியாவுலயும் ஹங்கேரியிலயும் இருக்கு, அவங்க தங்களை கிறிஸ்தவங்கன்னுதான் சொல்லிக்கிறாங்க, நற்கருணையும் எடுக்குறாங்க.

மழுப்பாம சொல்லுங்க அண்ணே, நீங்க எதை நம்புறீங்க?

பதிலாள் தண்டனைய நான் நம்பல. மேல எசேக்கியேல், லேவியராகமம், கெட்ட குமாரன், இந்த மூணையும் வச்சிக்கிட்டு என்னால முடியல. சிலுவையை ரோம அரசாங்கமும் ஆலய அதிகாரமும் சேந்து செஞ்ச கொலையா பாக்குறேன், அதுக்கு நடுவுல "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்"னு ஒருத்தர் கேட்டார்ங்குறது எனக்குப் போதுமானதா இருக்கு. கடவுள் மனுஷனானார்ங்குறதை நான் மறுக்கல, கல்கெதோன் மாதிரி விளக்கவும் வரல. பதிலாள் கணக்கு போயிட்டா, ஆன்செல்ம் சொன்ன காரணத்துக்காக அவர் கடவுளா இருந்தே ஆகணும்ங்குற கட்டாயமும் போயிடுது, அதுக்கப்புறம் அவரை கடவுள்னு சொல்றது கணக்குல வராது, அவரைப் பாத்து வர்றதா இருக்கும். இதுக்கு மேல என்கிட்ட தெளிவு இல்ல.

இதை எங்க பாஸ்டர்கிட்ட கேட்டா சாத்தான் உன்னை குழப்புறான்னு சொல்லிடுவார். எப்படி கேக்குறது?

ஆராதனை முடிஞ்சு எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க, அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பதில் கிடைக்காது. வார நாள்ல தனியா போய், பொதுவா "எனக்கு சந்தேகமா இருக்கு ஐயா"ன்னு சொல்லாம பைபிளைத் திறந்து ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்க. லேவியராகமம் 5:11 நல்ல இடம், யாத்திராகமம் 32:33-ம் நல்ல இடம். இறையியல் கல்லூரியில படிச்சவரா இருந்தா ஆன்செல்ம், அபேலார்டு எல்லாம் அவருக்கு பரீட்சையிலயே வந்திருக்கும், மேடையில சொல்றதில்லயே தவிர தெரியும். அப்படிப்பட்ட சிலர் கதவைச் சாத்திட்டு உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசுனதும் உண்டு.